சுழி சுத்தமான ஒரு சண்டை

காலையில் இரண்டு இட்லிக்கு மேல் நான் சாப்பிடுவதில்லை, இராஜரத்தினம் ஐயா. இந்த மூன்றாவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உணவை வீணாக்குவது சிறு வயதிலிருந்தே எனக்குப் பிடிக்காது. இந்த விவகாரத்திலும் அப்படி ஓர் இடம் வருகிறது, வரும்போது சொல்கிறேன்.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை இங்கிலீஷில் நீளமாகக் கேட்டதை நீங்கள் தமிழில் இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள்: ஏன் செய்தாய் என்று. போலீஸ் துபாஷி என்ற முறையில் நீங்கள் கேட்டாக வேண்டும், புரிகிறது. ஆனால் பாதிக் காரணம் உங்களுக்கே தெரியும். எங்கள் சபையில் மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் நீங்கள். மீதிப் பாதியை நான் சொல்கிறேன், நிதானமாக எழுதுங்கள். எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மறைக்கிறவன் உங்கள் இருபது பேரையும் கூட்டிக்கொண்டு போய், தானே தாழ்ப்பாளைத் திறந்து காட்டியிருக்க மாட்டான்.

என் தகப்பனார் தேக்கா மாட்டுச் சந்தையில் தரகர். எருமைகளின் கால்களுக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்தவன் நான். மாட்டுக்காரர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையை ஒரே துண்டுக்குள் விட்டுக்கொண்டு, விரலைப் பிடித்து, மடக்கி, நீட்டி முடித்துவிடுவார்கள். சுற்றி நிற்கிறவன் துண்டைத்தான் பார்க்கலாம். ஆறு வயதில் என் கையை அப்பா முதல்முறையாகத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். அங்கே கற்றது ஒன்றுதான்: எதிராளி சொல்லும் எதுவும் அவனுடைய கடைசிப் பேச்சு அல்ல. தரமாட்டேன் என்றால் பேரம் ஆரம்பித்திருக்கிறது. குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தால் பாதி வந்தாயிற்று. கண்ணீர் விட்டால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், படிந்துவிடும். நாற்பத்தாறு வயது வரை இந்தப் பாடம் என்னைக் கைவிட்டதில்லை.

சபையைப் பற்றித் துரைக்குச் சொல்ல வேண்டும். சிராங்கூன் சாலையில் என் வைக்கோல் கடைக்கு மேல்மாடி. புதனும் ஞாயிறும் சாயங்காலம் ஐந்தரை மணி. நில அளவை ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, யாழ்ப்பாணத்து அம்பலவாணர், இங்கிலீஷ்ப் பத்திரிகையையும் சரித்திரப் புத்தகங்களையும் படித்து, தேதி, தொகை, தளபதி பெயர் எல்லாம் எனக்குத் தருவார். நான் அதைக் கதையாக்கி நின்றுகொண்டு சொல்வேன். துணிக்கடைக்காரர், பால்காரர், கிராணிமார் எல்லோரும் வருவார்கள். கேட்க வருகிறவர்களுக்குக் கடலை வடையும் தேநீரும் உண்டு. அம்பலவாணருக்கு அறிவு இருந்தது, எனக்கு வாய் இருந்தது. அந்த மாடியில் நான் பேச்சை நிறுத்தினால் அறுபது பேர் மூச்சை நிறுத்துவார்கள். மாட்டுக்கார முத்துசாமி என்று தெருவில் கூப்பிட்டவர்களே அங்கே என்னை ஐயா என்றார்கள். ஒருமுறை அதைக் கேட்டவனுக்கு அப்புறம் அது இல்லாமல் முடியாது.

நாலு வருஷம் சொல்லிப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. மாட்டின் மேல் ராசி பார்க்கச் சுழி இருக்கிறதுபோலச் சண்டைக்கும் சுழி இருக்கிறது. சில சண்டைகளை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சில சண்டைகளை நூறு வருஷம் கழித்தும் தடவிக்கொண்டே இருக்கிறார்கள். செத்தவர்களின் தொகைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. லட்சம் பேர் காய்ச்சலில் செத்த யுத்தத்தைச் சொன்னேன், வடையை மென்றார்கள். லேடிஸ்மித் முற்றுகையில் சில ஆயிரம் பேர் குதிரைக் கறி தின்றார்கள் என்றேன், வடை கையிலேயே நின்றது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழுதார்கள். பாஞ்சாலங்குறிச்சிக்கு எழுந்து நின்றார்கள். பிளாசி சண்டை அரை நாளில் முடிந்துவிட்டதால் இரண்டாம் தடவை யாரும் கேட்கவில்லை.

ஜனங்களுக்கு ஒரு சுவர் வேண்டும். உள்ளே கொஞ்சம் பேர், வெளியே நிறையப் பேர். மனதில் நிற்கிற மாதிரி ஒரு நாள் கணக்கு வேண்டும். முக்கியமாக, வந்திருக்க வேண்டிய ஒருவன் வராமல் போக வேண்டும். இவ்வளவும் இருந்தால் யார் ஜெயித்தார்கள் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். சுவருக்கு உள்ளே இருப்பவனின் பசிதான் அவர்களுக்கு வேண்டும்; அதைக் கேட்கும்போது கையில் சூடான வடை இருக்க வேண்டும். நான் யாரையும் குறை சொல்லவில்லை. வடைக்கு ஏற்பாடு செய்தவனே நான்தான்.

போர்ட் ஆர்தர் முற்றுகை எங்களுக்குப் பொற்காலம். ஜப்பான்காரன் வெளியே, ருஷ்யாக்காரன் உள்ளே, மாதக்கணக்கில் இழுத்தது. படிக்கட்டில்கூட ஆள் உட்கார்ந்தது. இந்த ஜனவரி பிறந்ததும் கோட்டை விழுந்துவிட்டது. பிப்ரவரியில் சபைக்கு வந்தவர்கள் பதினாலு பேர். அவர்களிலும் இரண்டு பேர் வடைக்கு வந்தவர்கள்.

அப்போதுதான் சேக் தாவூது சாயபுவைச் சரியாகப் பார்த்தேன். என் தொழுவத்துக் காவல்காரர், அறுபத்தெட்டு வயது. வாலிபத்தில் சென்னைப் பட்டாளத்தோடு வந்து, ஆயிரத்தெண்ணூற்று எழுபத்தைந்தில் வடக்கே பேராக் காட்டில் நடந்த சண்டைக்குப் போய், பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். சபை நடக்கும்போது மாடிப்படிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். எப்போதாவது, "நாங்களும் பேராக்ல கெடந்தோம்" என்பார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேராக் சண்டையில் என்ன இருக்கிறது? மழை, அட்டை, சேறு. எல்லோரும் நனைந்தார்கள், திரும்பி வந்தார்கள். ஒரு சுழியும் தேறாத சண்டை.

ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். ஆற்று வளைவில் மரவேலி அடைத்த ஒரு முகாமில் பத்தொன்பது பேர் பதினொரு நாள் மாட்டிக்கொண்டார்களாம். இரண்டாம் நாளே அரிசி தீர்ந்ததாம். ஆளுக்குத் தினம் ஒரு சிரட்டைத் தண்ணீராம். அரிசிப் படகு வருகிறது வருகிறது என்று பார்த்தும் வரவில்லையாம். தாமும் உள்ளே இருந்ததாகச் சொன்னார். என் கை தானாகவே துண்டைத் தேடியது, ஐயா. சுவர், நாள் கணக்கு, வராத படகு. என் தொழுவத்திலேயே கட்டிக் கிடந்திருக்கிறது, இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மார்ச் மாதத்தில் அவரை மேடையில் ஏற்றினேன். நீங்களும் இருந்தீர்கள். பதினொரு நாளையும் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடித்துவிட்டார். ஐந்தாம் நாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். பசித்தது என்றார். எப்படிப் பசித்தது என்றேன். "பசி மாதிரிதான் தம்பி" என்றார். அம்பலவாணர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சாயபு, உங்கடை முற்றுகை எங்கடை கந்தோரிலை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை விடச் சின்னதாக் கிடக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாயபுவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அருமையான சரக்கு அவருக்குள்ளே இருக்கிறது, அவருக்கே எடுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். வழி மறந்த மாட்டை வந்த பாதையிலேயே நடத்தினால் வீட்டைத் தானே கண்டுபிடித்துவிடும்.

ரோச்சோர் கால்வாய்க்கு அப்பால், சீனர்களின் கீரைத் தோட்டங்களுக்குப் பின்னால் என் பழைய கொட்டகை இருக்கிறது. முரட்டு எருமைகளுக்காகக் கட்டியது. இடுப்பு உயரம் கல்சுவர், அதற்குமேல் கெட்டிப் பலகை, வெளித்தாழ்ப்பாள், தீவனத் தொட்டிக்கு மேலே கை நுழைகிற சந்து. போன வருஷம் கோமாரி வந்து மாடுகள் செத்ததிலிருந்து அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. ஏப்ரல் மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதா பாருங்கள் என்று சாயபுவை உள்ளே அனுப்பித் தாழிட்டுப் பூட்டினேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். சந்து வழியாக விஷயத்தை விளக்கினேன். பதினொரு நாள்தான், ஒவ்வொரு நாளும் என்ன ஞாபகம் வருகிறதோ அதைச் சொன்னால் போதும், முடிந்ததும் ஊரே உங்களைத் தோளில் தூக்கும் என்றேன். அவர் சொன்னபடியே தினம் ஒரு சிரட்டைத் தண்ணீர். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

முதல் நாள் திட்டினார். கையோடு கொண்டுபோயிருந்த நோட்டில் அதை எழுதவில்லை. இரண்டாம் நாள் சத்தியம் செய்தார். மூன்றாம் நாள் அழுதார், அன்றைக்குத்தான் பேச்சும் வந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்வதையும், பக்கத்தில் எறும்பு போகும் சத்தம் கேட்பதையும், வைக்கோலை மென்றால் முதலில் இனிப்பதையும் சொன்னார். மாடிப்படிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபோது இந்த மனிதரிடம் இவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது? புதன்கிழமை சாயங்காலம் அதைப் படித்தேன். சாயபு மாடு வாங்க மலாக்காவுக்குப் போயிருக்கிறார், போகுமுன் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார் என்றேன். வந்தது முப்பது பேர். வைக்கோல் இனித்த இடத்தில் ஒருவரும் அசையவில்லை.

உணவை வீணாக்குவது பற்றி நான் சொன்ன அந்த இடம் இதுதான். சாயபுவின் மகள் கதீஜா, இருபத்தைந்து வயது இருக்கும், தினம் உச்சிப்பொழுதில் தகப்பனுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருவாள். மலாக்கா என்று அவளிடமும் சொன்னேன். சொல்லாமல் போக மாட்டாரே என்றாள். பிறகும் தினம் வந்தாள். "எந்நேரம் வந்தாலும் பசியோடதான் வருவாரு வாப்பா. வரலன்னா நீங்க சாப்பிட்டுருங்கண்ணே, வீணாப் போவாம" என்று தூக்கை வைத்துவிட்டுப் போவாள். மாங்காய் போட்ட மீன் ஆணம், நாம் குழம்பு என்கிறோமே அது. நன்றாகச் சமைப்பாள். ஒரு பருக்கையும் நான் வீணாக்கவில்லை.

சனிக்கிழமை, ஆறாம் நாள், ருஷ்யாக்காரனின் கப்பல் படை நம் கடல் வழியாகப் போனதே, ஊரே கரைக்கு ஓடியது. கீரைத் தோட்டத்துச் சீனர்கள்கூட இல்லை. அன்றைக்குச் சாயபு நிறையக் கூப்பிட்டிருக்கிறார் போலிருக்கிறது. நான் போனபோது குரல் இல்லை. நானும் கப்பல்களைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். நாற்பதுக்கு மேல் இருக்கும், கறுப்புப் புகையோடு வரிசையாக. அவற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் இடைமறித்து, சந்துக்கு அருகே வாயை வைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் உள்ள இல்ல தம்பி. அந்த அரிசிப் படகுல இருந்தேன்."

புரியவில்லை என்றேன்.

"வெள்ளம்னு சொல்லி ரெண்டு வளைவுக்குக் கீழ படகக் கட்டிப் போட்டுட்டோம். அத்தன நாளும் அந்த அரிசியத்தான் ஆக்கித் தின்னோம். உள்ள இருந்தவங்க கூப்புட்ற சத்தம் கேட்டுச்சு. நாங்க போவல. நாங்க போனப்ப எட்டுப் பேருதான் இருந்தாங்க. சிரட்டைக் கணக்கெல்லாம் அவங்க சொன்னது. முப்பது வருஷமா எனக்கு நடந்த மாதிரியே சொல்லிட்டுத் திரியுறேன். தொறந்து விடுங்க."

இதைக் கேட்டதும் நான் திறந்திருக்க வேண்டும் என்று துரை நினைப்பார். நானும் யோசித்தேன், யோசிக்காமல் இல்லை. முதலாவது, ஆறாம் நாளில் விற்கிறவன் இந்த மாடே என்னுடையதில்லை என்பான்; அது பேரத்தில் சகஜம். இரண்டாவது, அது நிஜமாகவே இருக்கட்டும். சபையில் அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஜனங்களுக்கு உள்ளே கிடந்தவன்தான் வேண்டும். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெளியே சோறு தின்றவன் எதற்கு? அவன்தான் ஏற்கெனவே பெஞ்சு நிறைய உட்கார்ந்திருக்கிறானே. மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அவர் அதுவரை ஒரு முற்றுகையிலும் இருந்ததில்லை என்றால், இப்போது இருக்கிறார். முப்பது வருஷப் பொய்யை அவருக்காக நான் மெய்யாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எண்பது பேர் வந்தார்கள். முந்தின நாள் நிஜமான கப்பல்களைப் பார்த்தவர்கள், அதை விட்டுவிட்டுப் பேராக்கைக் கேட்க வந்தார்கள். நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் படித்தேன். முடித்ததும் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, "பசியோட தூங்கும்போது என்ன கனவு வந்துச்சாம், அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார். எழுதுவதை நிறுத்த வேண்டாம், ஐயா. கேட்டது நீங்கள்தான். நல்ல கேள்வி. எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

திங்கட்கிழமை, எட்டாம் நாள், அந்தக் கேள்வியைக் கொண்டுபோனேன். சந்து வழியாக என் இடது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கனவில் மகள் தூக்கோடு வந்தாளாம். மாங்காய் போட்ட மீன் ஆணமாம். மூடியைத் திறக்கிறாள், திறக்கிறாள், மூடிக்குக் கீழே மூடியாகவே வருகிறதாம். அதை அப்படியே எழுதிக்கொண்டேன். அன்றைய தூக்கை நான் அப்போதுதான் காலி செய்துவிட்டு வந்திருந்தேன். கையில் மாங்காய் வாசனை போகவில்லை. அதனால்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையோ என்னவோ.

இன்னும் மூன்று நாள் பாக்கி. ஆனால் நான் பிடிவாதக்காரன் இல்லை. சந்தின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே கையை நீட்டினேன். இருபது வருஷம் தொழுவத்தில் இருந்தவர், அவருக்கு விரல் பாஷை தெரியும். மூன்று விரல் நீட்டினேன். ஒவ்வொன்றாக மூன்றையும் மடக்கினார். ஒரு நாளும் முடியாது என்று அர்த்தம். எந்தப் பேரமும் அப்படித்தான் ஆரம்பிக்கும். இரண்டு நீட்டினேன். அதையும் மடக்கினார், மெதுவாக. ஒரு முழு விரலும் ஒரு மடக்கின விரலும் வைத்தேன்: ஒன்றரை நாள், புதன்கிழமை உச்சிப்பொழுது. அவர் கை என் விரல்மேல் இருந்தது, மடக்கவில்லை. அசையாத கை சம்மதித்த கை. தேக்காவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பதினொரு நாளுக்குப் பதில் மொத்தம் பத்து நாள்கூட ஆகவில்லை. என் பக்கம்தான் விட்டுக்கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வைத்தேன், எடுக்கவில்லை. புதன் காலை எட்டு மணிக்குப் போனேன். முடிந்திருந்தது. கண் சந்தின் பக்கமாக இருந்தது. அன்று உச்சியில் கதீஜா வந்தாள், தூக்கை வாங்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் சபைக்குப் போனேன். நூறு பேருக்குக் குறையாது. அவர்களை வெறுங்கையோடு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கனவைப் படித்து முடித்தேன்.  அம்பலவாணர் மட்டும் கையை உயர்த்தினார்.

"உதென்ன கதை, முத்துசாமி? எழுபத்தஞ்சிலை கதீஜா பிறக்கவே இல்லை. பிறக்காத பெட்டை எப்பிடிச் சோறு கொண்டு வாறது?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு மாடி முழுவதும் சிரித்தது. கட்டுக்கதை என்றார்கள். மாட்டுக்காரன் புழுகு என்றார்கள். முழுவதையும் மீன் குழம்பு தின்றுகொண்டே எழுதியிருக்கிறான் என்று வாசலருகே ஒருவர் சொன்னார், எப்படித் தெரிந்ததோ. நாலு வருஷத்தில் ஒரு தேதியையாவது நான் மாற்றிச் சொன்னதுண்டா? தலையிலிருந்து எடுத்த ஒரு வரி அந்த நோட்டில் கிடையாது. பிறக்காத பெண் கனவில் வந்ததே அந்தக் கனவு நிஜம் என்பதற்கு அத்தாட்சி இல்லையா? புழுகுகிறவன் வருஷம் பார்த்துப் புழுகியிருப்பான். வெளிச்சம் இருக்கும்போதே வாருங்கள், சாயபுவையே காட்டுகிறேன் என்றேன். இருபது பேர் வந்தீர்கள். வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டுதான் வந்தீர்கள். கதவு திறந்த பிறகு யாரும் என்னைப் புழுகன் என்று சொல்லவில்லை.

இப்போது துரை சொல்கிறபடி எழுதுங்கள். சேக் தாவூது சாயபுவைக் கொட்டகையில் வைத்துத் தாழிட்டது நான். சோறு கொடுக்காதது நான். அவருக்கு வந்த சோற்றைத் தின்றதும் நான்தான். பலகைச் சுவரில் நகத்தால் கீறியிருப்பது நாள் கணக்கு இல்லை, திறக்கப் பார்த்திருக்கிறார். இவ்வளவுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த நோட்டு இப்போது உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நேற்று நீங்கள் ஆறாம் நாள் பக்கத்தை மூன்று தடவை புரட்டியதைக் கவனித்தேன். அதைப் பத்திரமாக வையுங்கள், பேராக் சண்டைக்கு இனிமேல் ஆள் வரும்.

துரை கோர்ட்டில் என்னை ஈவிரக்கமில்லாதவன் என்பார். அதற்கு மட்டும் என் பதிலைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். புதன்கிழமை உச்சிவரை என்று இருவரும் துண்டுக்குள் கை வைத்துப் பேசி முடித்தோம். நான் சொன்ன நேரத்துக்குத் திறக்கத் தயாராக இருந்தேன், சாவி இடுப்பில் இருந்தது. பேச்சை முறித்தவர் அவர்.